பொறியை அணைக்கும் சக்கரம்

உங்களுக்கு ஒரு சுவிட்ச் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது திறந்திருக்கும்போது 20,000 வோல்ட் மின்னழுத்தத்தைத் தாங்கி நிற்க வேண்டும். மூடியதும் 600 ஆம்பியருக்கு மேற்பட்ட மின்னோட்டத்தைத் தயங்காமல் விடவேண்டும். வேலை முடிந்தவுடன் மறுபடியும் திறந்துகொள்ள வேண்டும். இவ்வாறு ஒரு விநாடிக்கு நூறு முறைக்கு மேல், சலிக்காமல் மூடித் திறக்க வேண்டும். நம் வீட்டுச் சுவரில் இருக்கும் சுவிட்சை இந்த வேலைக்கு வைத்தால் முதல் விநாடியிலேயே எரிந்து கரியாகிவிடும். அப்படியானால் இத்தகைய சுவிட்சை எதைக் கொண்டு செய்வது?

விடை வியப்பானது. இரண்டு உலோகத் துண்டுகளும் அவற்றின் நடுவே சிறிது காற்றும் இருந்தால் போதும். காற்று மின்சாரத்தைக் கடத்தாது. ஆனால் ஒரு மில்லிமீட்டருக்குச் சுமார் 3,000 வோல்ட் என்ற அளவை மின்னழுத்தம் தாண்டினால் காற்றின் அணுக்கள் சிதைந்து அயனிகளாகின்றன. அக்கணமே அது நல்ல கடத்தியாகிவிடுகிறது. பளிச்சென்று பொறி பாய்கிறது, சுவிட்ச் மூடிவிட்டது! இதற்குப் பொறி இடைவெளி என்று பெயர். டெஸ்லா சுருள் என்னும் கருவியின் இதயம் இதுதான்.

பொறியை மூட்டுவது எளிது. உரிய நேரத்தில் அதை அணைப்பதே கடினம். இந்தக் கடினமான வேலைக்காகவே சுழலும் சக்கரம் ஒன்று பொறி இடைவெளிக்குள் வந்து சேர்ந்தது. அந்தச் சக்கரத்தை எப்படிக் கணக்கிட்டு வடிவமைக்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

டெஸ்லா சுருளின் அமைப்பு

நிக்கோலா டெஸ்லா 1856-ஆம் ஆண்டு, இன்று குரோஷியாவில் உள்ள ஸ்மில்யான் என்ற சிற்றூரில் பிறந்தவர். அமெரிக்காவில் குடியேறிய அவர் 1891-இல் தம் பெயரால் இன்று வழங்கும் சுருளை உருவாக்கினார். அதன் அமைப்பு மிக எளியது.

முதலில் ஓர் உயரழுத்த மின்மாற்றி. அது ஒரு மின்தேக்கிக்கு மின்னூட்டம் அளிக்கிறது. மின்தேக்கியோடு, தடித்த செம்புக் குழாயால் ஆன சில சுற்றுகளே கொண்ட முதன்மைச் சுருள் இணைந்துள்ளது. இரண்டுக்கும் நடுவே பொறி இடைவெளி. முதன்மைச் சுருளின் நடுவில், மெல்லிய கம்பியால் ஏறத்தாழ ஆயிரம் சுற்றுகள் சுற்றிய உயரமான துணைச் சுருள் நிற்கிறது. அதன் உச்சியில் உலோகத்தால் ஆன வளையமோ கோளமோ இருக்கும்.

அமெரிக்காவில் ஆர்வலர்கள் பலர் தங்கள் வீட்டுக் கொட்டகைகளில் பெரிய டெஸ்லா சுருள்களை அமைத்து வருகின்றனர். அவர்களுடைய பெரிய சுருள்களுக்கு மின்மாற்றியாக அமைவது தெருக் கம்பத்தில் தொங்கும் பீப்பாய் போன்ற மின்மாற்றி. கம்பத்தில் அது 14,400 வோல்ட் போன்ற உயரழுத்தத்தை 240 வோல்ட்டாகக் குறைக்கிறது. இவர்களோ அதைத் தலைகீழாக இணைத்து, 240 வோல்ட்டைக் கொடுத்து 14,400 வோல்ட்டைப் பெறுகின்றனர். அதன் பருத்த வடிவத்தைப் பார்த்து அவர்கள் அதற்கு வைத்திருக்கும் செல்லப் பெயர் 'கம்பத்துப் பன்றி'!

இனிச் சில எண்களைப் போட்டுப் பார்ப்போம். மாறுதிசை மின்னழுத்தத்தின் உச்ச அளவு, அதன் பயனுறு அளவைப்போல் 1.414 மடங்கு. எனவே 14,400 வோல்ட்டின் உச்சம் சுமார் 20,000 வோல்ட். மின்தேக்கியின் அளவு 0.05 மைக்ரோ ஃபாரட் என்று கொள்வோம். அதில் சேரும் ஆற்றல், மின்தேக்குத் திறனை மின்னழுத்தத்தின் வர்க்கத்தால் பெருக்கி வரும் எண்ணில் பாதி. கணக்கிட்டால் 10 ஜூல் வருகிறது. ஒரு கிலோ எடையை ஒரு மீட்டர் உயரத்துக்குத் தூக்கச் செலவாகும் ஆற்றல் இவ்வளவே.

இவ்வளவு சிறிய ஆற்றலா மின்னலைப்போல் பாயப்போகிறது என்று எண்ணாதீர்கள். முதன்மைச் சுருளின் மின்தூண்டல் எண் 50 மைக்ரோ ஹென்றி என்றால், அந்தச் சுற்று விநாடிக்கு ஏறக்குறைய 1,00,000 முறை அதிர்கிறது. மின்னோட்டத்தின் உச்சம் சுமார் 630 ஆம்பியர். துணைச் சுருளும் இதே அதிர்வெண்ணில் அதிருமாறு அமைக்கப்பட்டிருக்கும். ஒத்ததிர்வின் காரணமாக 10 ஜூலும் துணைச் சுருளுக்கு மாறிச் செல்ல, இத்தகைய சுருள்களில் நான்கு அதிர்வுகள் அளவே ஆகும். நான்கு அதிர்வுகளுக்கு 40 மைக்ரோ விநாடிகள். அதாவது ஒரு விநாடியை ஒரு லட்சம் கூறாக்கினால் அதில் நான்கு கூறு! 10 ஜூலை இந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 2,50,000 வாட் வருகிறது. அந்தக் கண நேரத்துக்கு அது ஒரு சிறிய மின் நிலையம்.

இரண்டு ஊசல்கள்

பொறியை ஏன் அணைக்க வேண்டும்? இதைப் புரிந்துகொள்ள ஓர் எளிய சோதனை போதும். வீட்டிலேயே செய்து பாருங்கள்.

இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு நூலைச் சற்றுத் தொய்வாகக் கட்டுங்கள். அதிலிருந்து சம நீளமுள்ள இரண்டு நூல்களில், சம எடையுள்ள இரண்டு நட்டுகளைத் தொங்க விடுங்கள். முதல் ஊசலை மட்டும், கட்டிய நூலுக்குக் குறுக்காக ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் என்ன காண்கிறீர்கள்? முதல் ஊசலின் ஆட்டம் மெல்ல மெல்லக் குறைகிறது. இரண்டாவது ஊசல் ஆடத் தொடங்குகிறது. ஒரு கட்டத்தில் முதல் ஊசல் அடியோடு நின்றுவிடும். இரண்டாவது முழு வீச்சில் ஆடும். ஆற்றல் முழுவதும் இடம் மாறிவிட்டது. இத்துடன் முடிவதில்லை. அடுத்து இரண்டாவது ஊசல் தளர்கிறது. முதல் ஊசல் மீண்டும் ஆடத் தொடங்குகிறது. வந்த ஆற்றல் திரும்பிப் போகிறது.

இப்போது சோதனையின் அடுத்த பகுதி. முதல் ஊசல் அசையாமல் நிற்கும் அந்தத் தருணத்தில் அதைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ஆற்றல் திரும்பிச் செல்ல வழியில்லை. இரண்டாவது ஊசல் தன் முழு ஆற்றலையும் தன்னிடமே வைத்துக்கொண்டு ஆடும்.

டெஸ்லா சுருளில் முதல் ஊசல் முதன்மைச் சுற்று. இரண்டாவது ஊசல் துணைச் சுருள். கையால் பிடிக்கும் செயல்தான் பொறியை அணைத்தல். பொறி அணைந்தால் முதன்மைச் சுற்று துண்டிக்கப்படுகிறது. துணைச் சுருளில் சிக்கிய ஆற்றல் உச்சியிலிருந்து நீண்ட ஒளிக்கீற்றுகளாகக் காற்றில் பாய்கிறது. பொறி அணையாவிட்டால் ஆற்றல் முன்னும் பின்னும் ஓடி, ஒவ்வொரு முறையும் பொறி இடைவெளியிலேயே வெப்பமாக வீணாகிறது.

அசையாத இடைவெளியின் குறை

இரண்டு உலோக முனைகளை எதிரெதிரே நிலையாகப் பொருத்தினால் அது நிலைப் பொறி இடைவெளி. சில நூறு வாட் திறனுள்ள சிறிய சுருள்களுக்கு இது போதும். ஒரு விசிறியால் காற்றூதினால் இன்னும் நன்றாக வேலை செய்யும். திறன் ஆயிரக்கணக்கான வாட்டுகளாக உயரும்போது தொல்லை தொடங்குகிறது.

ஒவ்வொரு பொறியும் காற்றைச் சுட்டு, அயனிகளை விட்டுச் செல்கிறது. அவை கலைவதற்குள் அடுத்த பொறி வந்துவிடுகிறது. உலோக முனைகள் செந்தணலாகச் சிவக்கின்றன. காற்று தன் பழைய வலிமையைப் பெறாமையால் 20,000 வோல்ட்டுக்குக் காத்திராமல் குறைந்த அழுத்தத்திலேயே பொறி பாய்கிறது. முடிவில் பொறி பொறியாக இராமல், வெல்டிங் பட்டறையில் காணும் தொடர்ந்த மின்வில்லாக மாறிவிடுகிறது. மின்மாற்றிக்கு அது குறுக்குச் சுற்று. மின்தேக்கி நிரம்புவதே இல்லை. சுருளின் உச்சியில் ஒளிக்கீற்றும் இல்லை.

டெஸ்லா இதைத் தொடக்கத்திலேயே கண்டார். வேகமான காற்றோட்டத்தாலும் வலிய காந்தப் புலத்தாலும் மின்வில்லை ஊதி அணைக்க முயன்றார். பின்னர்ச் சுழலும் மின்முனைகளுக்கு வந்தார். 1899-இல் காலராடோ ஸ்பிரிங்ஸ் என்ற மலையூரில், ஏறத்தாழ 15 மீட்டர் விட்டமுள்ள முதன்மைச் சுருளைக் கொண்டு அவர் நடத்திய பெரும் சோதனைகளில், மோட்டாரால் சுழலும் சக்கரமே பொறியைத் துண்டித்தது.

கடலில் ஒலித்த சக்கரம்

இதே சக்கரம் கம்பியில்லாத் தந்தியிலும் புகுந்தது. அக்காலத்துக் கம்பியில்லாத் தந்தி நிலையங்கள் பொறியின் உதவியால்தான் வானொலி அலைகளை எழுப்பின. நிலையான இடைவெளியில் பொறிகள் ஒழுங்கின்றிப் பாய்ந்தமையால், கேட்பவர் காதில் கரகரவென்ற இரைச்சலே விழுந்தது. வானத்து மின்னலின் இரைச்சலும் அதே மாதிரி இருக்கும். எது செய்தி, எது மின்னல் என்று பிரித்தறிவது கடினம். சக்கரம் வந்த பின் பொறிகள் சீரான கால இடைவெளியில் எழுந்தன. சீரான அதிர்வு என்றால் இசை அல்லவா? செய்தி ஒரு குழலோசைபோல் தனித்துக் கேட்டது.

1912-இல் தன் முதல் பயணத்தைத் தொடங்கிய டைட்டானிக் கப்பலில் இருந்தது 5 கிலோவாட் திறனுள்ள மார்க்கோனி நிறுவனத்தின் சுழல் பொறிக் கருவி. அதன் பேரொலி தந்தியாளர்களைத் தொந்தரவு செய்யாதிருக்க, கருவியை ஒலி புகாத தனியறையில் வைத்தார்கள். அந்த அறையின் பெயர் 'மௌன அறை'! ஏப்ரல் 14 இரவு 11.40 மணிக்குக் கப்பல் பனிப்பாறையில் மோதியது. தந்தியாளர்கள் ஜாக் பிலிப்ஸும் ஹெரால்டு பிரைடும் இந்தக் கருவியின் மூலமே உதவி கேட்டு அழைத்தனர். சுமார் 58 கடல் மைல் தொலைவில் இருந்த கார்பேத்தியா கப்பல் அந்த அழைப்பைக் கேட்டு விரைந்து வந்தது. உயிர் பிழைத்த எழுநூற்றுக்கும் மேற்பட்டோர் அக்கப்பலில்தான் ஏற்றப்பட்டனர். பிரைடு பிழைத்தார், பிலிப்ஸ் பிழைக்கவில்லை.

பின்னர் வெற்றிடக் குழாய்கள் வந்து பொறிக் கருவிகளை வானொலியிலிருந்து விரட்டிவிட்டன. ஒரு பொறி பல அலைவரிசைகளில் ஒரே நேரத்தில் இரைச்சலைப் பரப்பும் என்பதால், பன்னாட்டு விதிகளும் அவற்றைத் தடை செய்தன. இன்று அந்தச் சக்கரம் முக்கியமாக உயிர் வாழ்வது டெஸ்லா சுருள் ஆர்வலர்களின் கொட்டகைகளில்தான்.

எத்தனை முளைகள்? என்ன வேகம்?

சக்கரத்தின் அமைப்பைப் பார்ப்போம். மின்கடத்தாப் பொருளால் ஆன ஒரு வட்டு. அதன் விளிம்பை ஒட்டி, வட்டை ஊடுருவி நிற்கும் சில உலோக முளைகள். வட்டின் இருபுறமும் எதிரெதிரே இரண்டு நிலை மின்முனைகள். முளை ஒன்று இவற்றின் நடுவே வரும்போது இருபுறமும் ஒரு மில்லிமீட்டர் அளவே இடைவெளி இருக்கும். பொறி ஒரு நிலை முனையிலிருந்து முளைக்கும், முளையிலிருந்து மறு நிலை முனைக்கும் தாவுகிறது. முளை கடந்து சென்றதும் நடுவே அகன்ற காற்று வெளி. பொறிக்குப் பிடிப்பு இல்லை.

ஒரு விநாடியில் எத்தனை பொறிகள் என்பதைப் பொறி வீதம் என்போம். விநாடிக்கு எத்தனை சுற்று என்பதை முளைகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் அது கிடைக்கும். உங்கள் மிதிவண்டியைக் கொண்டே இதைக் கேட்டுப் பார்க்கலாம். வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். பின்சக்கரத்தின் ஆரக்கம்பிகளை எண்ணுங்கள். பல வண்டிகளில் 40 இருக்கும். பெடலைச் சுழற்றி, ஒரு தபால் அட்டையின் நுனியைக் கம்பிகளில் படும்படி பிடியுங்கள். விரல் கம்பிகளின் பக்கம் போகாதிருக்கட்டும். சக்கரம் விநாடிக்கு 3 முறை சுழன்றால் அட்டை விநாடிக்கு 120 முறை தட்டப்பட்டு, ஒரு தாழ்ந்த சுருதி கேட்கும். வேகத்தைக் கூட்டினால் சுருதி உயரும். ஆரக்கம்பிகள்தாம் முளைகள், அட்டைதான் நிலை முனை.

120 என்ற எண்ணை வேண்டுமென்றே எடுத்தேன். அமெரிக்காவின் மின்சாரம் விநாடிக்கு 60 அதிர்வுகள் கொண்டது. ஒவ்வோர் அதிர்விலும் நேர் உச்சம் ஒன்று, எதிர் உச்சம் ஒன்று. ஆக விநாடிக்கு 120 உச்சங்கள். மின்தேக்கி நிரம்பி நிற்கும் அந்த 120 தருணங்களிலும் முளை வந்து நின்றால், ஒவ்வொரு பொறியும் முழு 10 ஜூலைப் பெறும். திறன் 1,200 வாட். நிமிடத்துக்கு 3,600 சுற்று சுழலும் வட்டில் எதிரெதிராக 2 முளைகள் வைத்தால் போதும். இது ஒத்தியங்கும் சக்கரம்.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. சாதாரணத் தூண்டல் மோட்டார் சரியாக 3,600 சுற்று சுழலாது. சற்றே பின்தங்கி 3,450 சுற்று சுழலும். அப்போது பொறி வீதம் 115. உச்சங்களோ 120. எனவே பொறி ஒரு நேரம் உச்சத்திலும், இன்னொரு நேரம் அழுத்தமே இல்லாத இடத்திலும் விழும். விநாடிக்கு ஐந்து முறை சுருள் சீறுவதும் சோர்வதுமாக இருக்கும். இதற்கு ஆர்வலர்கள் கண்ட வழி நேர்த்தியானது. தூண்டல் மோட்டாரின் சுழலியை லேத் பட்டறையில் கொடுத்து, அதன் வளைந்த பரப்பில் எதிரெதிரே தட்டையாகச் செதுக்குகிறார்கள். சுழலிக்கு இப்போது காந்த முனைகள்போல் இரண்டு புறங்கள் அமைகின்றன. சுழலும் காந்தப் புலத்தை அவை விடாமல் பற்றிக்கொண்டு சரியாக 3,600 சுற்று சுழல்கின்றன.

வேகம் சரியாக இருந்தாலும் நிலை முனைகள் சரியான இடத்தில் இல்லாவிட்டால் பயனில்லை. வட்டு ஒரு முறை சுழலும் நேரத்தில் மின்சாரம் ஓர் அதிர்வை முடிக்கிறது. ஆகவே வட்டில் 45 பாகை தவறினால் மின்னழுத்த அலையிலும் 45 பாகை தவறும். மின்னழுத்தம் உச்சத்தில் 0.707 பங்கு, ஆற்றல் சரிபாதி. இதனால் நிலை முனைகளையோ மோட்டாரின் உடலையோ சிறிது திருப்பிச் சரிசெய்ய வசதி வைப்பார்கள்.

இன்னொரு வழியும் உண்டு. 8 முளைகள் வைத்து விநாடிக்கு 400, 480 பொறிகள் என்று வீதத்தை உயர்த்தினால் உச்சத்தோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. பல பொறிகள் விழுவதால் கூடுதல் குறைவுகள் சராசரியாகிவிடும். இது ஒத்தியங்காச் சக்கரம். பெரிய சுருள்களில் இதையே அதிகம் காணலாம்.

சக்கரத்தால் எவ்வளவு விரைவில் அணைக்க முடியும்?

இனி முக்கியமான கணக்குக்கு வருவோம். முளைகள் 25 செ.மீ. விட்டமுள்ள வட்டத்தில் இருப்பதாகக் கொள்வோம். சுற்றளவு 78.5 செ.மீ. விநாடிக்கு 60 சுற்று என்றால் முளையின் வேகம் விநாடிக்கு சுமார் 47 மீட்டர். அதாவது மணிக்கு 170 கிலோமீட்டர்! கிரிக்கெட்டில் மிக வேகமாக வீசப்படும் பந்தும் இதை எட்டாது.

முளையின் தடிமன் 6 மி.மீ., நிலை முனையும் 6 மி.மீ. என்றால், அவை ஒன்றையொன்று நெருங்கித் தொடங்கி முற்றிலும் விலகும் வரை முளை 12 மி.மீ. நகர வேண்டும். அதற்கு ஆகும் நேரம் 255 மைக்ரோ விநாடிகள். ஆற்றல் ஒரு சுருளிலிருந்து மற்றதற்கு மாற எவ்வளவு நேரம் ஆகும் என்று கண்டோம்? 40 மைக்ரோ விநாடிகள். அந்த நேரத்துக்குள் முளை 2 மி.மீ. கூட நகர்ந்திராது. அதாவது, நம் ஊசல் சோதனையில் கை நீட்டிப் பிடிப்பதற்குள் ஆற்றல் ஆறு முறை இடம் மாறிவிடும்!

அப்படியானால் சக்கரம் பொறியை அணைக்கவில்லையா? உண்மையில் இருவரும் சேர்ந்து அணைக்கிறார்கள். துணைச் சுருளின் உச்சியிலிருந்து ஒளிக்கீற்றுகள் பாயும்போது ஆற்றல் விரைவில் செலவாகிறது. இரண்டு மூன்று முறை இடம் மாறுவதற்குள் மிச்சம் சொற்பம். மின்னோட்டம் சுருங்கியதும் பொறி தானாகவே சாகும் நிலைக்கு வருகிறது. அந்த நேரத்தில் மின்மாற்றி புதிய மின்னோட்டத்தை அனுப்பி அதற்கு உயிர் கொடுத்துவிடாதபடி, முளை இடைவெளியை அகட்டி, சுட்ட காற்றை விசிறி அகற்றுகிறது. எப்போது மூடுவது என்ற நேரத்தைக் குறிப்பதும், மின்வில்லை வளரவிடாது தடுப்பதும், முனைகளைக் குளிர்விப்பதுமே சக்கரத்தின் பணி.

இன்னும் விரைவாக அணைக்க வேண்டுமானால்? முளைகளை மெலிதாக்கலாம், விளிம்பு வேகத்தைக் கூட்டலாம். இரண்டு சுருள்களையும் சற்றே விலக்கி வைத்து ஆற்றல் மாறும் நேரத்தை நீட்டலாம். ஒரே அகன்ற இடைவெளிக்குப் பதிலாகச் சிறுசிறு இடைவெளிகளாகப் பிரிக்கலாம். இந்தக் கடைசி வழியை 1906-இல் ஜெர்மானிய இயற்பியலார் மாக்ஸ் வீன் காட்டினார். உலோகத் தட்டுகளை மிக நெருக்கமாக அடுக்கினால் அவை சூட்டை உடனே உறிஞ்சி, பொறியை விரைந்து அணைக்கின்றன. அதனால் சிலர் சுழல் சக்கரத்தோடு இத்தகைய நிலை இடைவெளிகள் சிலவற்றையும் தொடராக இணைக்கின்றனர்.

எந்தப் பொருளால் செய்வது?

முனைகளுக்கு டங்ஸ்டன் ஏற்றது. செம்பு 1,085 பாகை செல்சியஸிலும், இரும்பு 1,538 பாகையிலும் உருகிவிடும். டங்ஸ்டன் உருக 3,422 பாகை வேண்டும். ஆர்கான் வெல்டிங் பட்டறைகளில் பயன்படும் தண்டுகள் டங்ஸ்டனால் ஆனவை. அவற்றுள் சிலவற்றில் தோரியம் கலந்திருக்கும். தோரியம் கதிரியக்கம் உள்ளது. அதைச் சாணை பிடிக்கும்போது எழும் தூசியைச் சுவாசிப்பது தீங்கு. ஆகவே லாந்தனம் கலந்த தண்டுகளைத் தேர்வது நல்லது.

8 முளைகள் உள்ள வட்டில் ஒவ்வொரு முளைக்கும் எட்டில் ஒரு பங்கு பொறிகளே கிடைக்கும். நிலை முனைகளோ எல்லாப் பொறிகளையும் தாங்க வேண்டும். எனவே சூடேறித் தேய்வது நிலை முனைகள்தாம். அவற்றைக் கனத்த பித்தளைக் கட்டைகளில் பொருத்தி, சூட்டை வெளியேற்றுவார்கள்.

வட்டுக்கு எபாக்சி பிசினில் ஊறிய கண்ணாடி இழைத் தகடு சிறந்தது. வானொலிப் பெட்டிக்குள் மின்சுற்று அட்டையாக இருப்பதும் இதே இனம்தான். அக்ரிலிக் பிளாஸ்டிக் பார்க்க அழகாக இருக்கும்; ஆனால் சூட்டில் இளகும், அதிர்ச்சியில் விரிசல் விடும். மரமும் காகிதமும் கலந்த பலகைகளில் பொறி பட்டுக் கரித்தடம் விழும். கரி மின்சாரத்தைக் கடத்தும் என்பது உங்களுக்குத் தெரியும்.

14 கிராமும் 25 கிலோவும்

இப்போது சக்கரத்தின் மிகப் பெரிய ஆபத்தைப் பார்ப்போம். 6 மி.மீ. தடிமனும் 25 மி.மீ. நீளமும் உள்ள டங்ஸ்டன் முளையின் நிறை சுமார் 14 கிராம். அதை வட்டப் பாதையில் வைத்திருக்க வட்டு அளிக்க வேண்டிய மையநோக்கு விசை என்ன? நிறையைக் கோண வேகத்தின் வர்க்கத்தாலும் ஆரத்தாலும் பெருக்க வேண்டும். கோண வேகம் விநாடிக்கு 377 ரேடியன். ஆரம் 0.125 மீட்டர். விடை ஏறத்தாழ 245 நியூட்டன். ஒரு 25 கிலோ அரிசி மூட்டையை அந்தச் சிறு முளையில் தொங்கவிட்டதற்குச் சமம்!

பொறியை விரைவில் அணைக்கும் ஆசையில் வேகத்தை இரு மடங்காக்கினால் என்ன ஆகும்? விசை கோண வேகத்தின் வர்க்கத்தைச் சார்ந்தது. எனவே அது நான்கு மடங்காகும். ஒரு மூட்டை நான்கு மூட்டையாகிவிடும். முளை பிடுங்கிக்கொண்டால் துப்பாக்கிக் குண்டைப்போல் பாயும். அதனால் வட்டைச் சீராக எடை சமன் செய்ய வேண்டும். கனத்த பாலிகார்பனேட் தகடு அல்லது மரப் பலகையால் ஆன வலுவான கூட்டுக்குள் அதை அடைக்க வேண்டும். சுழலும் தளத்துக்கு நேராக ஒருவரும் நிற்கக் கூடாது. நல்ல வடிவமைப்பாளர் அணைக்கும் வேகத்தையும் வட்டின் வலிமையையும் இரு தட்டுகளில் வைத்து நிறுத்துப் பார்ப்பவர்.

இயக்கும் வரிசைக்கும் விதி உண்டு. முதலில் சக்கரம் முழு வேகம் பெற வேண்டும். அதன் பிறகே உயரழுத்தம். நிறுத்தும்போது முதலில் உயரழுத்தம், பிறகு சக்கரம். வரிசை மாறி, சக்கரம் நின்ற நிலையில் முளைகள் விலகியிருந்தால் மின்தேக்கி காலியாக வழியின்றி மின்னழுத்தம் எல்லை மீறும். மின்தேக்கியோ மின்மாற்றியோ பழுதாகும். இதற்குக் காவலாக மின்மாற்றிக்குக் குறுக்கே ஒரு பாதுகாப்பு இடைவெளி வைப்பார்கள். அழுத்தம் எல்லை மீறினால் பொறி அங்கே பாய்ந்து மற்றவற்றைக் காக்கும். அத்துடன் கம்பத்து மின்மாற்றி தன் மின்னோட்டத்தைத் தானே கட்டுப்படுத்திக்கொள்ளாது. குழல் விளக்குக்குச் சோக் இருப்பதுபோல், இதற்கும் ஒரு பெரிய சோக் முன்னால் இருந்தாக வேண்டும்.

ஓர் எச்சரிக்கை

நண்பர்களே, இதைப் படித்துவிட்டு யாரும் இக்கருவியைச் செய்யத் தொடங்காதீர்கள். 14,400 வோல்ட் மின்மாற்றி இரண்டாவது வாய்ப்புத் தராது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் மின்தேக்கியில் தங்கும் 10 ஜூல் இதயத்தை நிறுத்தப் போதும். பொறியிலிருந்து புற ஊதாக் கதிர்கள் கண்ணைத் தாக்கும். ஓசோனும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் நெஞ்சைத் தாக்கும். அனுபவமுள்ள ஆர்வலர்களே, மின்தேக்கியின் முனைகளைக் காப்பிட்ட கோலால் இணைத்துக் காலியாக்காமல் அதன் அருகில் கைவைப்பதில்லை.

இன்று டிரான்சிஸ்டர் இனத்தைச் சேர்ந்த குறைகடத்திச் சுவிட்சுகள் வந்துவிட்டன. மிகத் துல்லியமாகத் திறந்து மூடும் அவற்றைக் கொண்டும் பெரிய டெஸ்லா சுருள்களை அமைக்கிறார்கள். இருப்பினும் சுழல் சக்கரத்தில் ஒரு சிறப்பு உண்டு. மின்தேக்கி, ஒத்ததிர்வு, மாறுதிசை மின்னோட்டம், மையநோக்கு விசை, உலோகங்களின் உருகுநிலை என்று நீங்கள் தனித்தனிப் பாடங்களாகப் படிப்பவை எல்லாம் அந்த ஒரே வட்டில் ஒன்றுகூடுகின்றன. ஒரு கணக்கில் பிழை நேர்ந்தால் மற்றவை சரியாக இருந்தும் பயனில்லை.

எனவே கையில் எடுக்க வேண்டியது தாளும் பேனாவும். நம் நாட்டு மின்சாரம் விநாடிக்கு 50 அதிர்வுகள் கொண்டது. இங்கே ஒத்தியங்கும் சக்கரத்தின் பொறி வீதம் எவ்வளவு இருக்க வேண்டும்? இரண்டு முளைகள் என்றால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று? அதே 14 கிராம் முளையை வட்டு எவ்வளவு விசையோடு பிடித்திருக்க வேண்டும்? கடைசிக் கேள்விக்கு, சுமார் 17 கிலோ எடைக்குச் சமம் என்று வந்தால் உங்கள் கணக்குச் சரி.